நொண்டி நடை

1977 மார்ச் 8, செவ்வாய்

தபாலில் வந்துவிட்டது. பிரிஞ்சாங் சாலையில் இருக்கும் ஹோட்டலின் மானேஜர் மிஸ்டர் லிம் அனுப்பிய ஜாஸ் பாட்டு. பியானோவுக்கு எழுதியது, ஆறு பக்கம். அட்டையில் 'நடுத்தர நிலை' என்று போட்டிருக்கிறது. மே மாதத்துக்குள் இதை வாசித்துக் காட்டினால், சனிக்கிழமைதோறும் அங்கே தேநீர் நேரத்தில் வாசிப்பது நான்தான்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா அல்லவா, நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வார். "முப்பத்தேழு வயசுல இது என்னா புதுப் பைத்தியம், சந்திரா? ஸ்கூல்ல புள்ளைங்களோட கத்துறது பத்தலையா?"

புதுசு இல்லை. பதினேழு வயதில் ஈப்போவில் பியானோ ஐந்தாம் கிரேடு பாஸ் செய்தேன். அதோடு அப்பா நிறுத்தினார். இவருக்குக் கட்டிக்கொடுத்தார். தட்டை எடுத்து வைத்தேன். சோறு போட்டேன்.

மார்ச் 23, புதன்

துரைமார் கிளப்பில் பியானோ சும்மாதான் கிடக்கிறது. பள்ளி விட்டதும் வாசித்துக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்திருக்கிறார். பனி ஈரத்தில் கட்டைகள் உப்பிப்போயிருக்கின்றன. சிலவற்றை அழுத்தினால் எழுவதில்லை, விரலால் தூக்கிவிட வேண்டும்.

இரண்டாம் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. சுரங்கள் எல்லாம் சரி, ஆனால் பாட்டாக இல்லை. மேலே 'ஊசலாடும்படி வாசிக்கவும்' என்று ஒரு வரி. எதை ஊசலாட்டுவது? அச்சில் எல்லாம் சம நீளமாகத்தானே இருக்கிறது? கான்வென்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஸ்கேலால் தட்டி எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த விரல்களுக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 6, புதன்

கிளப்பைக் கூட்டித் துடைக்க வரும் பவளம் இன்று வாய் திறந்தாள். காலையில் அவளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கிற வேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். மாரியம்மன் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க அதை நேரா நடக்கச் சொல்றீங்க. அது நொண்டிக்கிட்டுத்தான் வரும்லா. நீட்டு, குட்டை, நீட்டு, குட்டை. விடுங்க, அது பாட்டுக்கு வரட்டும்."

துடைப்பக் கட்டையால் தரையில் தட்டிக் காட்டினாள். அதேபோல் வாசித்தேன். வந்தது! பதினைந்து நாள் வராதது, கட்டை தட்டிய நேரத்தில் வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் எரிகிறது?

ஏப்ரல் 18, திங்கள்

தினமும் பத்து நிமிஷம் சொல்லித்தருகிறாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, செவ்வாய்

பள்ளி சீக்கிரம் விட்டது. கிளப் வாசலுக்கு வரும்போதே கேட்டது. பவளம் வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும். ஆறு பக்கத்தையும் — தாளைப் பார்க்காமல். அவளுக்குத் தாள் படிக்கவும் தெரியாது. நான்காம் பக்கத்தில் என் இடக்கை எட்டாமல் திணறும் இடத்தை அவள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அச்சில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

தூறலில் நின்று முழுவதும் கேட்டேன். முடிந்த பிறகு, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். வாளியோடு நின்றாள்.

"தொடைச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

மே 14, சனி

ஹோட்டலில் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நான்காம் பக்கத்தில் பவளத்தின் இடக்கையைத்தான் வாசித்தேன். லிம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இது தாளில் இல்லையே, உங்கள் சொந்தமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

ஜூன் 3, வெள்ளி

தொழிற்சாலைக்குப் புது மெஷின் வருகிறதாம். தூள் பிரிக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று பவளம் சொன்னாள். "ஓட்டல்ல கூட்டுறது, தட்டு, மங்கு கழுவுறது, எதுனா இருந்தா சொல்லுங்க டீச்சர்."

சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 11, சனி

வாசித்து முடித்ததும் லிம் கூப்பிட்டார். வார நாட்களிலும் கூட்டம் வருகிறது, நான்கு நாள் வாசிக்க ஆள் வேண்டும் என்றார். எனக்குப் பள்ளி. "உங்களுக்குத் தெரிந்த வேறு யாராவது? தாள் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை."

யாரும் இல்லை என்றேன்.

யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். அவள் வாசிப்பதை லிம் ஒருதரம் கேட்டுவிட்டால் என் சனிக்கிழமையும் போய்விடும்.

ஜூன் 30, வியாழன்

தொழிற்சாலையில் பவளத்தை நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கிளப்பைத் துடைக்க வேறொருத்தி வந்தாள்.

ஜூலை 2, சனி

வாசித்தேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

கியா பார்ம் சந்தைக்குக் காய் வாங்கப் போனோம். ரோட்டோரக் கடையில் முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் பவளம். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வீட்டுக்காரர் காரிலேயே இருந்தார். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லிம் கேட்டதை, நான் இல்லை என்றதை.

"தெரியும் டீச்சர். ஓட்டல் டிரைவர் தங்கராஜு அப்பவே சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் என்னை வந்து கேக்கலே?"

"கேட்டா நீங்க அழுவீங்க. அப்புறம் நான் உங்களைத் தேத்தணும். ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு வீடு தேடி அலைஞ்சேன். அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

அழுதேன்தான். அவள் தேற்றவில்லை. அடுத்து நின்ற சீன அம்மாளிடம் எத்தனை கிலோ என்று மலாய் மொழியில் கேட்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

நேற்று லிம்மிடம் உண்மையைச் சொன்னேன். அந்த இடக்கை யாருடையது என்பதையும். அவர் கோபப்படவில்லை. "வார நாளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கூட்டி வாருங்கள்" என்றார். அவ்வளவு சுலபம். ஜூனிலேயே அவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

இன்று பஸ் பிடித்துக் கியா பார்முக்குப் போனேன். பவளம் கேட்டுக்கொண்டாள். கூடையில் தக்காளியை அடுக்கி முடித்தாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏன் பவளம்? உன் கைக்கு வர்ற வேலைதானே?"

"அப்ப வந்திருந்தா என் கைக்கு வந்தது. இப்பப் போனா நீங்க குடுத்ததா ஆயிடும்லா."

கெஞ்சினேன். பஸ் வந்துவிட்டது, போங்க என்றாள்.

1978 ஜனவரி 7, சனி

ஹோட்டலுக்குப் போகவில்லை. இனி வரமாட்டேன் என்று போன வாரமே லிம்மிடம் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, ஈப்போவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மத்தியானம் துணி துவைத்தேன். மழை விடவில்லை, உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டேன். மூன்று மணிக்கு வீட்டுக்காரருக்குத் தேநீர் கொடுத்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார்.