கார்பன் நாற்பது விழுக்காடு

என் உடன்பிறந்த ஜெபராஜ்,

நீ வாசிக்கமாட்டாய் என்பதை அறிந்தே எழுதுகிறேன். உன்னை அடக்கம் செய்தபின் இன்றுவரை நான் அழவில்லை. கறுப்பு அங்கியோடு நீதிமன்றம் போகிறேன், கட்சிக்காரர்களுக்கு வாய்தா வாங்குகிறேன், வீடு திரும்புகிறேன். இதுதான் துக்கமா? வேறு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

உன் மகள் ஷைனி பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். வளைகுடாவிலிருந்து உன் சவப்பெட்டி வந்த அன்று, மூடியைத் திறந்ததும் பின்வாங்கி அறைக்குள் போனவள், கடைசி முத்தம் கொடுக்க வரவேயில்லை. யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அதன்பின் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் படம் இருக்கும் சுவரைப் பார்ப்பதுமில்லை.

சென்ற சனிக்கிழமை ஒரு வேதியியல் கணக்கோடு வந்தாள். ஒரு சேர்மத்தின் எடையில் கார்பன் நாற்பது விழுக்காடு, ஹைட்ரஜன் 6.7, மீதி ஆக்சிஜன். அதன் எளிய விகித வாய்பாடு என்ன? அதாவது, அணுக்கள் எந்த மிகச் சிறிய முழு எண் விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன? பெரும்பங்கு ஆக்சிஜனுக்கு என்பதால் அதன் அணுக்களே அதிகம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"பெரியப்பா, இது பாகப்பிரிவினை இல்ல, கேட்டியளா? எடையப் பாத்துத் தலை எண்ணப்பிடாது. அந்தந்த அணுநிறையால வகுக்கணுமாக்கும்."

நாற்பதைப் பன்னிரண்டால், 6.7ஐ ஒன்றால், 53.3ஐப் பதினாறால் வகுத்தாள். வந்தவற்றை அவற்றுள் சிறியதால் மறுபடி வகுத்தாள். கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று.

"அப்போ பொருள் எதுன்னு சொல்லு மக்கா."

"அது இத வச்சுச் சொல்ல முடியாது. மூலக்கூறு நிறையும் தெரியணும். குளுக்கோஸுக்கும் இதே விகிதம்தான். அப்பாக்க மீன் ஊறுகாய்க்கு ஊத்துத வினிகர்ல உள்ள அமிலத்துக்கும் இதுதான்."

அப்பா என்றதும் அவளே நின்றுவிட்டாள். பேனாவை மூடினாள்.

"ஃபார்மால்டிஹைடுக்கும். பெட்டி தொறந்தப்போ கண்ணு எரிஞ்சுதே, அதுதானே? அது அப்பாக்க மணம் இல்லியே, பெரியப்பா?"

எந்தப் பதிலையும் 'எனக்குத் தெரிந்தவரை' என்று தொடங்குவது என் தொழிற்பழக்கம். அன்று தொடங்கவில்லை.

"இல்ல மக்கா. ஒடம்பு கெடாம இருக்க அங்க ஏத்தின மருந்து. ஒனக்க அப்பாக்க மணம் இல்ல."

"அப்பாவ எனக்கு அருவருப்பாச்சுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

பிறகு அழுதாள். நெடுநேரம் அழுதாள். எனக்கு அப்போதும் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்குப் போதுமாயிருந்ததா, தம்பி?

ஒன்று உறுதி கூறுகிறேன். உன்னைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும், தெரிந்ததை மறைக்காமல் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். கேட்கும்போது வீட்டில் இருப்பேன்.

உனக்கு மூத்தவன்,
ஷைனியின் பெரியப்பா