பெஞ்சுக்கு ஒரு நாடு

பிப்ரவரி 4, 2025
எங்கள் அரசியல் அறிவியல் துறை மாதிரிப் பேரவை நடத்துகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடும் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை போல. பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்து உட்கார்ந்து விவாதிக்கும் இடம் அது. நான்தான் ஏற்பாடு. பெஞ்சுக்கு ஒரு நாடு என்று ஒரே மூச்சில் பிரித்துக் கொடுத்தேன். கோகிலவாணியா கொக்கா?

பிப்ரவரி 6
கொக்குதான். ஒரு நாட்டுக் குழுவில் ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ இருந்தால் அதை ஏற்கக் கூடாது என்று பத்து உறுப்பினர்கள் எழுந்து சொல்லலாமாம். எங்கள் வகுப்பில் வலப்பக்கம் பையன்கள், இடப்பக்கம் நாங்கள். பிரான்சில் பெண்ணே இல்லை, இத்தாலியில் ஆணே இல்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டால் பேரவையில் யார் இருப்பார்கள்? தவிர, அங்கே நாடுவாரியாகக்கூட உட்காருவதில்லை. பெயரின் அகரவரிசைப்படிதான்.

பிப்ரவரி 7
கலந்து உட்காருவது ஒழுங்கில்லையாம். பிரின்சிபால் மறுத்துவிட்டார். போன வருடம் நான் ஒரு பையனிடம் நோட்ஸ் கேட்டதற்கு அப்பாவை வரவழைத்து நிற்க வைத்தவர் ஆயிற்றே. அப்பா தலை குனிந்து நின்றதை நான் மறக்கவில்லை.

பிப்ரவரி 10
எங்கள் துறை லூர்துமேரி மேடம் பேசி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டார். பிரின்சிபாலுக்கே அமைச்சர்கள் குழு வேடம். மனிதருக்கு ஒரே குஷி.
பேரவை சட்டம் போடாதாம். மனித உரிமை நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும், பரிந்துரை அனுப்பும். “அப்ப பல்லில்லாத பாம்புங்களா மேடம்?” என்றாள் என் பெஞ்சுக்காரி கனிமொழி.
“பரிந்துரை போனா அமைச்சருங்க பதில் சொல்லியே ஆகணும், கண்ணு.”
சொல்லியே ஆகணுமா? அது போதுமே எனக்கு.

பிப்ரவரி 13
நடத்திவிட்டோம்! என் பரிந்துரையை வாசித்தேன்: வகுப்பிலும் அகரவரிசை இருக்கை, பையனும் பெண்ணும் பேசினால் பெற்றோரை அழைக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், தாண்டிவிட்டது. என் உயிர்த் தோழி கனிமொழி எதிர்த்து ஓட்டுப் போட்டாள். “எங்க வூட்ல தெரிஞ்சா காலேஜையே நிறுத்திருவாங்கடி.”
வேடம்தானே என்று சிரித்தபடி பிரின்சிபால் வாங்கிக்கொண்டார். பதில் எப்போது சார் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

பிப்ரவரி 18
பதில் இல்லை. தினமும் போய்க் கேட்கிறேன். பியூன் பச்சியப்பன் அண்ணன் என்னைக் கண்டதும் கதவைத் திறந்துவிடுகிறார்.

பிப்ரவரி 20
பதில் வந்துவிட்டது! எங்கள் துறைக்கு மட்டும், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், ஒரு மாதம் பார்ப்போம் என்று. பெற்றோர் அழைப்பு ரத்து. அப்பாவிடம் சொன்னேன். “அப்ப இனிமே நான் வர வேணாம்” என்றார். அவ்வளவு லேசான முகத்தோடு அவரைப் பார்த்து நாளாயிற்று.

பிப்ரவரி 24
எனக்கு அடுத்த பெயர் சவுரியப்பன். நடுவில் பையை வைத்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பீரியடில் பை கீழே இறங்கியது.
எனக்கு முந்தைய பெயருக்கான இடம் காலையிலிருந்து காலி. மதியம் சாப்பிட்டு வந்ததும் கனிமொழி பழைய பெஞ்சிலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.
“கொஞ்சம் நவுருடி.”