சலங்கை வரும் இடம்

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து மழை. யூனிஃபார்ம் காயல.
புது ஆல்பம் வாங்கியாச்சு. போன்லதான், ஆனா காசு கொடுத்து. மாசம் ஒருத்தர் வாங்கணும், மூணு பேரும் முழுசாக் கேட்டு அபிப்பிராயம் சொல்லணும். எங்க வழக்கம். கம்பெனியில என் லைன்ல வேலை பார்க்கிற ஏழுமலை வடக்குப்பட்டுல இருந்து நனைஞ்சுக்கிட்டே வந்தான். என் ரூம்மேட் பேரு மாரி, அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சும் தூங்கல.
ஆல்பத்துல வாசிக்கிறது, பாடுறது எல்லாரும் பொண்ணுங்க. நாதஸ்வரம், தவில், பாட்டு. என்ன ஒரு ஆல்பம்! ரெண்டாவது பாட்டு நடுவுல எல்லாம் நின்னு, சலங்கை மட்டும் தனியா நடந்து வருது. புல்லரிச்சுப் போச்சு.
ஏழுமலை: "இன்னாமா வாசிக்கிறாங்க மச்சி! ஒடம்பெல்லாம் ஜிவ்வுன்னு கீது."
மாரி: "தவிலு அருமை லே. நடுவுல எதுக்கு அவ்வளவு நேரம் சும்மா விட்டுருக்காவ?"
கிண்டல்னு சிரிச்சோம். அவன் சிரிக்கல.

நவ. 11, செவ்வாய்
தூறல். மனசு கேக்கல. அந்த இடத்தை மட்டும் சத்தமா வெச்சுப் போட்டேன். மாரி கண்ணை மூடிக் கேட்டான்.
"ஒண்ணும் இல்லையே லே."
அப்புறம் மெதுவா, "தங்கச்சி போன்ல பேசுதது பாதி புரியல. டவர் சரியில்லன்னுல்லா நினைச்சேன்."
மாரிக்கு பிரஸ் ஷாப்ல வேலை. நாலு வருஷமா தகடு அடிக்கிற மிஷின் பக்கத்துல, அந்தச் சத்தத்துல நிக்கிறான். அடுப்பை மறந்துட்டேன். தோசை கருகிடுச்சு.

நவ. 15, சனி
வாலாஜாபாத் வழியா காஞ்சிபுரம். காது டாக்டர். சத்தம் கேட்டா கை தூக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாரி. ரொம்ப நேரம் கை மடியிலயே இருந்தது.
டாக்டரம்மா: "கீச்சுன்னு வர்ற சத்தம் ரெண்டு காதுலயும் போயிருக்கு. போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."
அழல அவன். பஸ்ல கேட்டான், "அந்தச் சலங்கை எப்படி வருது? சொல்லு லே." வாயாலயே செஞ்சு காட்டினேன். முன் சீட்டு அம்மா திரும்பி முறைச்சாங்க.

நவ. 19, புதன்
வெயில்! துணி துவைக்கணும்.
மாரி பண்ணின வேலை. கேன்டீன்ல பிரஸ் ஷாப் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் இயர்போன் மாட்டி அந்தப் பாட்டைப் போட்டிருக்கான். பாதிப் பேர், "நடுவுல நின்னுபோச்சுப்பா."
சூப்பர்வைசர் சிரிச்சாராம்: "பாட்டு வெச்சு டெஸ்டா?"
"நீங்களும் கேளுங்க சார்."
கேட்டார். நடுவுல போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், ஓடுதா இல்லையான்னு.
அப்புறம் சிரிக்கல. மாரியைக் கூட்டிக்கிட்டு நேரா மேனேஜர் ரூம்.
எனக்கு இந்தத் தைரியம் வராது. சத்தியமா வராது.

நவ. 23, ஞாயிறு
மேகமூட்டம். நேத்து பிரஸ் ஷாப் மொத்தத்துக்கும் காது டெஸ்ட். மாரிக்கு நாளையிலிருந்து பேக்கிங்ல வேலை, அங்க மிஷின் சத்தம் இல்ல.
அவனே முந்திக்கிட்டு ஒரு ஆல்பம் வாங்கியிருக்கான். வெறும் மேளம். பாட்டில்லை, ஒண்ணுமில்லை. இவ்வளவு நாள் இதெல்லாம் எனக்குப் பிடிக்காதுன்னு இருந்தேன், முட்டாள். தரை அதிருது.
"முழுசா கேக்கு லே! ஒண்ணு விடாம கேக்கு!"
ஏழுமலை அபிப்பிராயம் சொல்ல வாயைத் திறந்தான், மாரி அவனை இழுத்து ஆட விட்டுட்டான். கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டுறாங்க. போய்த் திறக்கணும்.