ஐப்பசியைப் பழித்த அண்ணனுக்கு

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஈரத்துணி வாடை முகத்தில் அடித்தது. நெல்லையிலிருந்து வந்து அப்பா போட்ட கடை இன்னமும் ஒழுகுகிறது. கீழடுக்கில் இருந்த வேட்டிக்கட்டுகள் நனைந்துவிட்டன. ரங்கநாதன் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். உடனே உன் நினைவுதான் வந்தது அண்ணே. பாசத்தால் அல்ல, எரிச்சலால்.

இந்த மாதம் வந்தால் போதும், கனடாவிலிருந்து படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவாய். சிவந்த இலை, மஞ்சள் இலை, துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். கூடவே போன். “இங்க காத்த இழுத்தாலே உடம்பு சுத்தமாயிரும்லே. நீ அந்தச் சாக்கடைத் தண்ணியிலயே கெட.”

நானும் விடமாட்டேன். “மரமெல்லாம் மொட்டையாப் போறது ஒரு பெருமையாண்ணே? இங்க இப்பத்தான் துளிர் விடுது” என்பேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

மாதக்கணக்கில் வெயிலில் வெந்த இந்த ஊருக்கு ஐப்பசியில்தான் உயிர் வரும். சாயங்காலம் வானம் இருட்டும், சட்டென்று குளிர்காற்று வீட்டுக்குள் நுழையும். அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொள்வாள். கடைசியாகப் படுத்திருந்தபோதும் நீட்டினாள், எட்டவில்லை. “பெரியவன் எப்பலே வாரான்?” என்று கேட்டாள்.

உன்னிடம் சொன்னேன். “இந்த மழையில வந்து என்ன செய்ய? மார்கழியில வாரேன், கச்சேரி கேட்ட மாதிரியும் இருக்கும்” என்றாய். சொன்னபடி மார்கழியில் வந்து அம்மாவின் படத்துக்கு மாலை போட்டாய். “கிளைமேட் நல்லாருக்குல்லலே” என்று வேறு சொன்னாய். அன்றே உன்னை அடித்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் உன் சிவந்த இலைகளுக்கு நடுவே நீயும் போய்ச் சேர்ந்தாய். நேற்று முதல் திவசம். மதினி போன் செய்தாள். “இங்க பால்கனியில சோறு வைக்க விடமாட்டாங்க தம்பி. நீங்களே வச்சிருங்க.”

கொட்டுகிற மழையில் மொட்டைமாடியில் இலையை வைத்து, குடை பிடித்து நின்றேன். ஒரு காக்காயும் இல்லை. “இந்த மழையில எங்க வரும்? சாப்பிட வாங்க” என்று என் மனைவி கூப்பிட்டாள். நான் இறங்கவில்லை. உன்மேல் உள்ள கோபம் இம்மியும் குறையவில்லை அண்ணே. ஆனால் பெரியவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் அம்மா தன் தட்டை எடுத்ததே இல்லை. அவளுக்காகத்தான் நின்றேன்.

கடைசியில் ஒன்று தொப்பலாக நனைந்து வந்தது. தின்றதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துபோனது. சந்தேகமே இல்லை, நீதான்.