மஞ்சள் கேனில் ஐந்து கேலன்

நவம்பர் 18, திங்கள்

வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் எண்ணெய்த் தொட்டி முள் கால் பாகத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நூறு கேலனுக்குக் குறைவாகக் கேட்டால் எண்ணெய்க்காரன் லாரியையே எடுக்க மாட்டான். நூறு கேலன் வாங்கும் பணம் மொத்தமாக என் கையில் என்றைக்கு இருந்தது? அதனால் இந்தத் தெருவில் கையில் காசில்லாதவர்கள் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். மஞ்சள் கேனில் ஐந்து கேலன் டீசல் பிடித்து வந்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தொட்டிக் குழாயில் ஊற்றுகிறேன். பாய்லருக்கு டீசலும் ஒன்றுதான். இரண்டு நாள் ஓடும். லாரி எண்ணெயைவிட விலை கூடுதல், ஆனால் சில்லறையாகக் கிடைக்கிறது.

நான் வேலை பார்ப்பதே பெட்ரோல் பங்க் கடையில். இருந்தும் அங்கே பிடிப்பதில்லை, ஆறு மைல் தள்ளி ஹைவே பங்குக்குப் போகிறேன். கூட வேலை செய்யும் டார்லா பார்த்தால் சர்ச் ஹாலில் பியரோகிக் கொழுக்கட்டை மடிக்கும் பெண்களுக்குத் தெரியும். அதில் என் பழைய புருஷன் ரஸ்ஸின் அத்தையும் ஒருத்தி. அப்புறம் ஆலன்டவுனில் இருக்கும் ரஸ்ஸுக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்?

போன மார்ச்சில் தண்ணீர்க் குழாய் உறைந்தபோது எங்கள் மகள் பிரினைப் பற்றி அவன் சொன்னது: "இன்னொரு தடவ அந்த வீடு குளுந்து கெடந்துச்சுன்னா பிரின் எங்கூடத்தான் இருப்பா. கோர்ட்டு கீர்ட்டெல்லாம் வேணாம் மார்சி, நீயே யோசிச்சுப் பாரு." அவனுக்கு குடோன் வேலையில் மணிக்கு இருபத்து மூன்று டாலர். எனக்கு ஏழேகால். விவாகரத்து ஆன நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் பணம் அனுப்பத் தவறவில்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 21, வியாழன்

இன்றைக்கு என் கார் டிக்கியில் கேனை டார்லா பார்த்துவிட்டாள். எதுக்குடி இது என்றாள். பனி தள்ளுற மெஷினுக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மெஷினா? உங்கிட்டயா? பெரிய மனுஷி ஆயிட்டடி நீ. அடுத்த பனிக்கு எங்க வாசலயும் தள்ளி வுட்டுடு."

சிரித்து வைத்தேன். என்னிடம் இருப்பது ஒரு மண்வெட்டி.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்குள் ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்தான். பிரின் போர்வைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், எழுதும் கையில் மட்டும் உறை இல்லை. ஒன்பது வயது. குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால்கூடப் பரவாயில்லை.

நவம்பர் 25, திங்கள்

மேனேஜர் லோர்னிடம் கூடுதல் மணி நேரம் கேட்டேன். "வாரத்துக்கு முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல போட மேலிடத்துல விட மாட்டாங்க மார்சி. கிறிஸ்துமஸ் போகட்டும், பாக்கலாம்." கிறிஸ்துமஸ் போனதும் இருபத்து நாலாகக் குறைப்பான். வருஷா வருஷம் அதுதான்.

குளிர்கால எண்ணெய் உதவிக்கு மனு போட்டேன். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, பிரினின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் கொடுத்தாயிற்று. முப்பது நாள் ஆகும் என்றாள் போனில் வந்தவள். குளிரும் முப்பது நாள் பொறுக்குமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கும் எனக்கு இருப்பது போல ஒரு மேனேஜர் இருப்பான். விட்டுவிட்டேன்.

நவம்பர் 30, சனி

மான் வேட்டை சீசனின் முதல் நாள். விடிகாலை நாலு மணியிலிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் காபிக்கு வரிசை. நிற்க நேரமில்லை. போகும்போது டார்லா மஞ்சள் கேனை இரவல் கேட்டாள், அவர்களுடையது விரிசல் விட்டுவிட்டதாம். நேற்றுதான் தொட்டியில் ஊற்றியிருந்தேன். காலிக் கேன்தானே, கொடுத்தேன். இந்த வாரத்து டீசலைத் தண்ணீர் ஜாடியில் பிடித்துக்கொள்ளலாம். டீசலை ஜாடியில் பிடிப்பது சட்டப்படி தப்பு. பரவாயில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

இதை எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து பனி. எனக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கு சுத்தமாக அடைப்பு. கடையில் டார்லா வந்து, "கேன உன் டிக்கியில வெச்சிட்டேன். ஸ்டஷ் ரொப்பிக் குடுத்தாரு. காசுன்னு வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றாள். ஸ்டஷ் அவள் புருஷன். முழுக் கேன். இரண்டு நாள் சூடு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இருட்டில் நேராகப் பின்னால் போய்க் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

பிரின் துணி எடுக்க, பாய்லர் இருக்கும் கீழ் அறைக்குப் போயிருந்தாள். படியேறி வந்து, "அம்மா, கீழ பெட்ரோல் பங்க் வாசன வருது" என்றாள். டீசல்தான்டி என்றேன். "இல்லம்மா. உன் யூனிபார்ம்ல வருமே, அந்த வாசன."

வெளியே போய்க் கேனின் வாயில் விரலை விட்டேன். டீசலாக இருந்தால் பிசுபிசுவென்று ஒட்டும். இது ஒட்டவில்லை. விரல் ஜில்லென்றது, உடனே காய்ந்தும்விட்டது.

பனி தள்ளுற மெஷினுக்கு பெட்ரோல்தானே போடுவாங்க. நான் சொன்ன பொய்ய நான் மறந்துட்டேன், அவ மறக்கல. நல்லது செய்றதா நெனச்சு அந்த மனுஷன் ரொப்பிக் குடுத்திருக்கான். நான் எங்க ஊத்தறேன்னு அவனுக்கு என்ன தெரியும்?

ஓடிப்போய் பாய்லர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிரினைக் காரில் உட்காரவைத்து, எல்லா ஜன்னலையும் திறந்தேன். நெருப்பு எரியற எடத்துக்குப் பக்கத்துல நின்னு எம்பொண்ணு துணி மடிச்சிட்டு இருந்திருக்கா. அவ மூக்கு நல்லா இருந்துச்சு. என்னோடது அடைச்சுக் கெடந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்.

டிசம்பர் 7, சனி

எண்ணெய்க்காரன் வந்து பார்த்தான். தொட்டியை முழுக்க இறைத்துக் கழுவ அறுநூறு டாலர், அதுவரை ஸ்விட்சைத் தொடக்கூடாது. வீட்டுச் சொந்தக்காரர் கெசாக், "நீ ஊத்துனது, நீயே எடு" என்று போனை வைத்துவிட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ஒரே அறையில் மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கோட்டோடு தூங்குகிறோம். அதோடு அடுப்பையும் போட்டால் ஃபியூஸ் போகிறது.

டிசம்பர் 9, திங்கள்

"மெஷின் எப்படி ஓடுது?" என்றாள் டார்லா.

"ஜோரா ஓடுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு அழுதிருப்பாள். சாயங்காலமே ஸ்டஷ் பம்போடும் பீப்பாயோடும் வந்து நின்றிருப்பான், அவன் அப்பேர்ப்பட்டவன். பிரினை அவர்கள் வீட்டு சோபாவில் படுக்கவைத்திருக்கலாம். எல்லாம் தெரிந்துதான் ஜோரா ஓடுது என்றேன். சம்பளம் ஏழேகால்தான், வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

டிசம்பர் 11, புதன்

சாயங்காலம் பள்ளிக்கூட நர்ஸ் கூப்பிட்டாள். பிரின் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்து வகுப்பில் தூங்கிவிட்டாளாம். "உங்கள குத்தம் சொல்லக் கூப்பிடலங்க, தெரிஞ்சுக்கத்தான்" என்றாள். மதியம் முதலில் எனக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். நான் கல்லாவில் நின்றிருந்தேன், எடுக்கவில்லை. படிவத்தில் இரண்டாவதாக இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறாள். அது ரஸ்ஸின் நம்பர். எழுதிக் கொடுத்தது நான்.

டிசம்பர் 13, வெள்ளி

ரஸ் வந்தான். ஹாலில் பாய்லர் சூடு வரவேண்டிய ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மார்ச்சில் சொன்னதை ஞாபகப்படுத்துவான் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். "அவ பூட்ஸ் எங்க?" என்று மட்டும் கேட்டான்.

பிரின் தன் பையைத் தானே அடுக்கினாள். "நான் போயிட்டா உனக்கு அந்த ஒரு ஹீட்டரே போதும்லம்மா?" என்றாள்.

போதும் என்றேன்.

டிசம்பர் 25

வேலைக்குப் போனேன். பண்டிகை நாளுக்கு ஒன்றரைச் சம்பளம்.

ஜனவரி 8, புதன்

எண்ணெய் உதவி வந்துவிட்டது. தொட்டி கழுவும் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள், கேட்டால் உண்டாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தில் 'வீட்டில் இருப்போர்: இரண்டு' என்று அச்சடித்திருந்தது. திருத்தச் சொல்லி போன் போட வேண்டும். இன்னும் போடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரின் இரண்டு நாள் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமையே எழுபது டிகிரிக்கு வைத்துவிட்டேன், செலவானால் ஆகட்டும். உள்ளே வந்தவள் வெகுநேரம் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றுடி என்றதும் கழற்றினாள். அங்கே புது ஸ்கூலில் நீச்சல் குளம் இருக்கிறதாம், ஒருத்தி சிநேகிதி ஆகியிருக்கிறாளாம். நன்றாகச் சாப்பிட்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு ரஸ் வந்து ஹார்ன் அடித்தான். பையை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்று, "என்னக் கூப்பிட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்றாள்.

அடுத்தவர் வீட்டில் தங்கினால் கிளம்பும்போது அப்படிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.