குரல் போன பயணிக்கு

ஐயா,

உங்கள் மகன் இன்று உங்கள் கான்வாஸ் பையை எனக்குக் கொடுத்தனுப்பினார். திறந்ததும் மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். சோமனூரில், எங்கள் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், அதை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் வேலை கிடைத்திருக்கிறது. "டிகிரி வாங்குனது போதும் கண்ணு, ஊட்லயே இரு" என்று அப்பா முடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

பனிமலைக் கணவாய்களை நடந்தே கடந்து புத்தகங்கள் எழுதியவர் நீங்கள். நான் உங்களைப் பார்த்ததோ கோவையில், ஒரு மாடியறைக் கட்டிலில். தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் போயிருந்தது. பேனா பிடிக்கக் கை நடுங்கியது. கடைசிப் புத்தகம் பாதியில் நின்றது. விசைத்தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். அதனால்தான் என்னை அழைத்தார்கள்.

நீங்கள் உதடசைப்பீர்கள், நான் எழுதுவேன். அறைக்குள் யாராவது வந்தால், "ஐயா சொல்றாருங்க" என்று தொடங்கி உங்கள் பேச்சை உரக்கச் சொல்வேன். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு அது நல்ல மறைவாக இருந்தது.

ஒருநாள் மேட்டுப்பாளையம் போய் மலையேற வேண்டும் என்றீர்கள். "தூசி ஆகாதுங்கப்பா. ஜன்னல்லயே மலை தெரியுதுல்லீங்க" என்றார் மகன். உங்கள் உதடு துடித்தது: 'அந்த மடையனுக்கு மத்தியானம் சோத்துக்குப் பதிலாச் சோத்துப் படத்தப் போடச் சொல்லு!'

"ஐயா சொல்றாருங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கன்னு" என்றேன்.

சத்தமே இல்லாமல் குலுங்கிச் சிரித்தீர்கள். அவர் போனபின், 'நல்லாப் பொய் சொல்றே அம்மணி. உன்ற பேச்ச எப்பப் பேசுவே?' என்றீர்கள்.

புத்தகத்தை முடித்தோம். நீங்கள் அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இவ்வளவு எழுதியபோது கரண்ட் போனது. தறிகள் நின்றன. எழுந்து அப்பாவிடம் போனேன்.

"நான் சென்னைக்குப் போகோணுங்கப்பா."

நிமிர்ந்து பார்த்தார். "ஏன், அந்த ஐயா சொல்லிப்போட்டுப் போனாரா?"

"இல்லீங்கப்பா. நான்தான் சொல்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தறியை ஓட்டினார். காகிதத்தை எடுத்துவந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே இதை எழுதுகிறேன். ஏதோ சொல்கிறார், இங்கிருந்து உதடு தெரியவில்லை. எனக்கும் சொல்ல இன்னும் இருக்கிறது. அவர் திரும்பட்டும் ஐயா, என் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.