இருபத்தெட்டு நாள் ஊறிய கல்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை க்யூரிங் தொட்டியின் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று விதி. கட்டிகளையும் கற்களையும் ஊற வைக்கும் தொட்டி, அவ்வளவுதான். யாரும் இந்தச் சோதனையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உப்பு பார்ப்போம், சுண்ணாம்பு பார்ப்போம், படிவத்தை நிரப்புவோம். புதுக் கருவி வந்து ஒரு வாரமாகச் சும்மா கிடக்கிறதே என்று இன்று உலோகங்களையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஆர்சனிக் என்ற வரியில் ஓர் எண் வந்தது. அங்கே எண்ணே வரக் கூடாது. கருவியைக் கழுவிவிட்டு மறுபடி போட்டேன். அதே எண்.

மார்ச் 5, புதன்

மூன்றாவது தடவையும் அதேதான். குழாய்த் தண்ணீரைப் பார்த்தேன், சுத்தம். ஆக, தொட்டிக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறோம். பாதி நாள் தண்ணீரில் நிற்கிறார், அதனால். அவரே சில சமயம் போனை எடுத்ததும் “தவளை பேசறேன்” என்பார்.

“தொட்டியில இப்ப என்னல்லாம் கெடக்கு?” என்று கேட்டேன்.

“சிமெண்டுக் கட்டி. அப்புறம் சுரங்கத்துக் கல்லு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வருமே மேடம், அது.”

மார்ச் 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கே புரியும்.

ஊருக்கு வெளியே மூடிய சுரங்கத்தின் கழிவு ஒரு மலையாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் துணி காயப் போட முடியாது, எல்லாம் சாம்பல் நிறம். அந்தப் பொடியைச் சிமெண்டில் கலந்து அழுத்தினால் நல்ல சுவர்க் கல். மலையும் குறையும், ஆற்று மணலும் மிச்சமாகும். நானும் இதை நம்பினேன். இன்னமும் பாதி நம்புகிறேன்.

கல்லுக்கு இரண்டு சோதனை. ஒன்று, எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. அதற்குக் கல்லை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊற வைத்து, எடுத்து, அழுத்தி உடைக்க வேண்டும். இரண்டாவது, கல்லிலிருந்து நஞ்சு தண்ணீரில் கசிகிறதா என்பது. அதற்குத் துண்டுகள் போதும். எங்கள் சோதனைக் கூடத்தில் எதையும் வீணாக்க மாட்டோம். உடைத்த கல்லின் துண்டுகளையே இரண்டாவது சோதனைக்கு எடுப்போம். இது இருபது வருஷப் பழக்கம், எனக்கு முந்தி இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. சாதாரணச் சிமெண்டில் அதனால் ஒரு வில்லங்கமும் வரவில்லை.

ஆனால் இந்தக் கல்? கரைய வேண்டியதெல்லாம் அந்த இருபத்தெட்டு நாளில் தொட்டியிலேயே கரைந்துபோயிருக்கிறது. அதன் பிறகு துண்டை எடுத்துப் பார்த்து, ‘நீரில் கசிவு இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குழந்தையை நன்றாகக் குளிப்பாட்டிவிட்டு, உடம்பில் அழுக்கே இல்லை என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி.

நானா இதைச் செய்தேன்? நான்தான். ஆறு அறிக்கை, ஆறிலும் என் கையெழுத்து.

மார்ச் 8, சனி

தம்பி வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டி இந்தக் கல்லில்தான் கட்டியது. உள்ளே ஒரு கை பூச்சு, அவ்வளவுதான். “தாராளமா கட்டுடா, நானே டெஸ்ட் பண்ணினது” என்று சொன்னது நான். ஐந்து மாதமாக அவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர். பாப்பாவுக்கு நாலு வயசு.

மார்ச் 10, திங்கள்

அந்தக் கல்லைச் செய்து விற்கும் முதலாளிக்குப் போன் செய்து, ஊறாத கல் பத்து வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்கவே இல்லை, மதியமே அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். உடைத்துத் தண்ணீரில் போட்டுக் குலுக்க வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. உறுதியாகட்டும்.

மார்ச் 12, புதன்

குடிநீருக்கு அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு.

இரண்டாவது மாதிரியில் பத்து.

மார்ச் 13, வியாழன்

இயக்குநரிடம் எல்லாவற்றையும் வைத்தேன். பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டாலே முடிவை முன்பே எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

“மேடம், பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா மத்த ரிப்போர்ட்டையெல்லாம் தோண்ட ஆரம்பிப்பாங்க. இனிமே ஊறாத கல்லை டெஸ்ட் பண்ணுவோம். முறையை மாத்தியாச்சு, முடிஞ்சுது.”

“வித்த கல்லு சார்?”

“சுவர்ல பூசி, பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. தண்ணியே படாது.”

அவர் சொல்வதும் முழுப் பொய் இல்லை. காய்ந்த சுவருக்குள் இருந்தால் பெரிதாக ஒன்றும் வெளியே வராது. தண்ணீர் படும் இடம்தான் கேள்வி. எத்தனை தொட்டி, எத்தனை வாய்க்கால் கரை, யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரு தொட்டி தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

தவளையிடம் சொன்னேன். தொட்டித் தண்ணீரை மாதாமாதம் பின்னால் இருக்கும் சாக்கடையில் விடுவது அவர்தான், கையை உள்ளே விட்டுக் கல்லை எடுப்பதும் அவர்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இந்தத் தோல் தடிப்பு சிமெண்டுனால இல்லையா மேடம்?”

தெரியாது என்றேன். டாக்டரிடம் போகச் சொல்லி, என்ன சோதனை கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முழங்கை வரை ஏறும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். இதை எப்போதோ செய்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். தெரிந்து ஒன்பது நாள் கழித்து. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன் நான்! உறுதியாகட்டுமாம். முதல் நாளே ‘அந்தத் தண்ணியைத் தொடாதீங்க’னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன வந்துச்சு எனக்கு?

சொன்னேன். சிரித்தான் முதலில். அப்புறம் சிரிக்கவில்லை.

“கல்லு நல்லதுன்னு சொன்னதும் நீ. இப்ப கெட்டதுன்னு சொல்றதும் நீ. நான் எதை நம்பறது?”

“தண்ணி கொஞ்சம் குடு, பாத்துடலாம்.” பாட்டில் கொண்டு போயிருந்தேன்.

“வேணாம். தெருவுல நாலு பேருக்கு நான் சொல்லி அந்தக் கல்லை வாங்க வெச்சேன், எங்க அக்கா பாத்த கல்லுன்னு. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீ போ.”

காலிப் பாட்டிலோடு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பாட்டிலைக் காட்டிக் கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

அறிக்கைகளைத் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பிவிட்டேன். நகல் கல் முதலாளிக்கு, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, இயக்குநருக்கு. இயக்குநருக்குக் கடைசியில்.

மார்ச் 20, வியாழன்

கல் முதலாளி நேரில் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

“அந்த மலையைக் கரைச்சுடலாம்னு எனக்கு ஆசை காட்டினதே நீங்கதான் மேடம். நாப்பது பேர் வேலை செய்யறாங்க.”

“எனக்கும் அதே ஆசைதான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எந்த வண்டி எந்த வீட்டுக்குக் கல் கொண்டு போனது என்ற விவரம் முழுக்க இருந்தது. “தொட்டி கட்டினவங்க யாருன்னு டிரைவருங்க சொல்லுவாங்க” என்றார். நன்றி சொல்லத் தோன்றவில்லை எனக்கு, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

என் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். இனி மாதிரி வாங்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். பாட்டில் வாங்கி, எண் ஒட்டி, ரசீது கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு நல்ல மரியாதை. ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது, அது ஒன்றுதான் லாபம்.

ஏப்ரல் 2, புதன்

டிரைவர்கள் சொன்னதில் இதுவரை பதினாறு தொட்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்கிறேன். ஒருவர் வைது தீர்த்தார். ஓர் அம்மாள், “மாட்டுக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றேன். மாடு என்ன பாவம் செய்தது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தம்பி போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 9, புதன்

தம்பி மனைவி கூப்பிட்டாள். குரல் கிசுகிசுவென்று, எங்கோ ஒதுங்கி நின்று பேசுகிறாள்.

“அண்ணி, நீங்க வந்துட்டுப் போன அன்னியிலேருந்து பாப்பாவுக்கு வெளித் தண்ணிதான். அவருக்குத் தெரியாது. குடத்தை மாத்தி வெச்சுடறேன்.”

“அவன்?”

“அவருக்கும் அதேதான் ஊத்தறேன். தொட்டித் தண்ணி ருசியே தனின்னு நேத்துக்கூட சொன்னாரு.”

ஒரு மாதத்துக்கு அப்புறம் இன்றுதான் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழவும் செய்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

கல் முதலாளி இப்போது ஒவ்வொரு கல்லிலும் ‘தண்ணீர் படும் இடத்துக்கு அல்ல’ என்று அச்சுப் போட்டு விற்கிறார். பாதிதான் விற்கிறதாம். தவளையின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

மே 9, வெள்ளி

ஜன்னலில் வரிசை. தலையைத் தூக்காமல் படிவத்தை வாங்குகிறவள் நான். எழுத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. தம்பியின் எழுத்து.

வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்று வந்திருக்கிறான். பாட்டிலை நீட்டினான். இளைத்திருந்தான்.

“எங்க எடுத்தே?” என்றேன். யாரிடமும் கேட்கும் கேள்விதான்.

“தொட்டி அடியில. மூணு வாரமா புழங்கக்கூட யாரும் திறக்கல. அவ குடத்தை மாத்தறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன்.”

அறிக்கை வர நான்கு நாள் ஆகும், வேறொருவர் கையெழுத்துப் போடுவார் என்று விதிப்படி சொன்னேன்.

“காகிதம் வேணாம். நீ பாத்து சொல்லு. போதும்.”

பின்னால் நின்றவர் இருமினார். அவன் நகர்ந்துகொண்டான்.

மே 10, சனி

கையெழுத்துக்குத்தான் தடை, கருவி அறைக்கு இல்லை. காலையிலேயே போய்ப் பார்த்தேன். ஐந்து மடங்கு.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். எண்ணைச் சொன்னேன், எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டான், அதையும் சொன்னேன். பாப்பாவுக்குத் தலைமுடியும் நகமும் எடுத்துச் சோதிக்க வேண்டும், உங்கள் இருவருக்கும்தான் என்றேன். சரி என்றான். திங்கட்கிழமையே ஆள் வைத்துத் தொட்டியை இடிக்கப் போகிறானாம்.

போனை வைக்கப் போகும்போது கேட்டான்:

“இடிச்ச கல்லை எங்க கொண்டு போய்க் கொட்டறது, அக்கா?”

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் போகிறேன்.